4294967295-க்கு அப்படி என்ன சிறப்பு?

பிப்ரவரி 3 (வாசகர் கேள்வி)

4294967295. இது வெறும் கணினி எண். 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில்) அடைக்க முடிந்த கடைசி எண், அவ்வளவுதான். உலகம் 36 பிட்டில் நின்றிருந்தால் வேறு ஓர் எண்ணைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்போம். கணக்கு என்ற வகையில் இதற்கென்று தனியாக ஏதாவது உண்டா? "இலக்கங்களைக் கூட்டினால் 57" மாதிரிப் பதில் வேண்டாம்.

பிப்ரவரி 3, பின்னிரவு

உண்டு. உடைத்துப் பாருங்கள்.

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் இந்த ஐந்தும் வரும். இவைதான் ஃபெர்மா பகா எண்கள். இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். இன்றுவரை நமக்குத் தெரிந்தவை இந்த ஐந்துதான், ஆறாவது கிடைக்கவில்லை. ஐந்தையும் தலா ஒரு முறை எடுத்துப் பெருக்கினால் கிடைப்பது உங்கள் "வெறும் கணினி எண்".

36 பிட் கணினிகள் நிஜமாகவே இருந்தன. அவற்றின் கடைசி எண் 68719476735. அதை உடைத்தால் 3 × 3 × 3 × 5 × 7 × 13 × 19 × 37 × 73 × 109. கூட்டம் நிறைய, ஒழுங்கு குறைவு. ஆக 32 என்பதில் ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 4

கால்குலேட்டர் இல்லாமல் எப்படி உடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசம் போதும். 65536-இன் வர்க்கம் 4294967296. அதில் ஒன்று குறைவு நம் எண்.

4294967295 = 65535 × 65537
65535 = 255 × 257
255 = 15 × 17
15 = 3 × 5

ஒவ்வொரு படியிலும் வலது பக்கம் ஒரு ஃபெர்மா எண் உதிர்கிறது, இடது பக்கம் மறுபடி உடைகிறது. உதிர்ந்தவை எல்லாம் பகா எண்ணாக இருப்பது நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இந்த எண்ணோடு தீர்ந்துவிடுகிறது, அதுதான் விஷயமே.

பிப்ரவரி 4, மதியம்

அதாவது, பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

4294967297 = 641 × 6700417

வரிசையில் அடுத்த ஃபெர்மா எண் இதுதான், 2³² + 1. இது பகா எண் இல்லை என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். பத்து இலக்க எண்ணுக்குக் காரணி தேடுவது அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை. ஆனால் ஆய்லர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்று முதலில் நிறுவிக்கொண்டார். அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் மீன் மாட்டிவிட்டது. பிற்காலத்தில் வந்த கூர்மையான விதிப்படி 64-க்குப் பதில் 128 போதும். அப்போது பட்டியலில் முதலில் நிற்பது 257, அடுத்தது 641. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி இருக்காது என்பதால் 257 தானாகவே கழிந்துவிடும். முதல் முயற்சியிலேயே 641!

பிப்ரவரி 4, இரவு

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுத்தலே செய்யாத ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நாலு வரி இது.

641 = 5 × 128 + 1. அதனால் 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம்.
நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம்.
ஆனால் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம்.
−2³² என்பது 1-க்குச் சமம். அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

641-ஐ இரண்டு விதமாக எழுத முடிந்தது, அவ்வளவுதான் சங்கதி. பெரிய எண் ஒன்றைக் கூட நாம் எழுதவில்லை.

பிப்ரவரி 6

"வகைப்பாட்டுப் பட்டியல் ஒன்று போடுங்களேன்" என்று ஒருவர். சரி, போட்டுவிடுவோம்.

ஒற்றைப்படை, பகு எண். எந்தப் பகாக் காரணியும் இரண்டு முறை வரவில்லை, எனவே வர்க்கக் காரணி அற்றது. வகுத்திகள் 32. அந்த 32-இன் கூட்டுத்தொகை 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328. அதில் எண்ணையே கழித்தால் 3009636033. எண்ணைவிடக் குறைவு, ஆகவே குறைவெண். (மேலே சொன்ன 36 பிட் எண் இதற்கு நேர்மாறு, அது மிகை எண்.)

இரும வடிவில் 32 ஒன்றுகள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால் "தீய எண்" என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். அதில் சேரும். இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் 1-இல் முடிந்தால் "மகிழ்ச்சி எண்". இது 393, 99, 162, 41, 17, 50, 25, 29, 85, 89 என்று போய், அப்புறம் வெளியே வர முடியாத சுழலில் மாட்டிக்கொள்கிறது. இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடுமா? 57-ஆல் வகுபட வேண்டுமானால் 19-ஆல் வகுபட வேண்டும், 5 மீதி வருகிறது. அதுவும் இல்லை.

குறைவெண், தீய எண், மகிழ்ச்சி கிடையாது. ஜாதகம் சுத்தமாகச் சரியில்லை.

பிப்ரவரி 7

நேற்றைய பட்டியலை இன்று படித்தால் அதில் பாதி எனக்கே ஒப்பவில்லை. மகிழ்ச்சி எண், 57 எல்லாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வருபவை. வேறு அடிமானத்தில் எழுதினால் காணாமல் போகும். இந்த இழையைத் தொடங்கியவர் இதைத்தானே வேண்டாம் என்றார்? எழுதும் முறையை மாற்றினாலும் மாறாதவை மட்டும் எண்ணின் சொந்தச் சொத்து. இருமத்தில் எழுதும் பழக்கத்தைப் பிடித்துத் தொங்கும் அந்தத் "தீய எண்" பட்டத்தையும் சேர்த்துத் தள்ளிவிடலாம்.

சொந்தச் சொத்துக்கு ஓர் உதாரணம். இதை எத்தனை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம்? எந்த முழு எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-இல் லாக்ராஞ்சு நிறுவினார். பல எண்களுக்கு மூன்றே போதும். நம் எண் 8-ஆல் வகுத்தால் 7 மீதி தரும் ரகம், அதற்கு மூன்று போதவே போதாது. (ஒரு வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. முயன்று பாருங்கள்.) நான்கு வேண்டும். தேடினால் அழகான ஒன்று கிடைக்கிறது:

65535² + 362² + 5² + 1² = 4294967295

கையால் சரிபார்க்கலாம். 65535-இன் வர்க்கம் 4294836225. மீதம் 131070. 362-இன் வர்க்கம் 131044. மீதம் 26. அது 25 + 1.

பிப்ரவரி 7, சற்று கழித்து

ஆனால் இதுவும் இந்த எண்ணுக்கு மட்டும் உரியது இல்லை. 7, 15, 31, 63 என்று 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் 7-இலிருந்து எல்லாமே 8-ஆல் வகுத்தால் 7 மீதி தருபவைதான். குடும்பச் சொத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே குடும்பத்தைப் பற்றி ராமானுஜன் 1913-இல் ஒரு கேள்வி போட்டார், இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில். 2-இன் அடுக்கிலிருந்து 7 கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும்? 8, 16, 32, 128, 32768 ஆகியவற்றுக்கு வருகிறது: 1, 9, 25, 121, 32761. (கடைசியானது 181-இன் வர்க்கம்.) வேறு உண்டா என்பதுதான் கேள்வி. இல்லை என்று 1948-இல் நாகெல் நிறுவினார். இதை நம் பக்கம் திருப்பினால், 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண் முக்கோண எண்ணாக (1, 1 + 2, 1 + 2 + 3 என்று கூட்டிக்கொண்டே போனால் வருபவை, 0-உம் சேர்த்தி) இருப்பது 0, 1, 3, 15, 4095 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும். காரணம், முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். நம் எண்ணை அப்படிச் செய்தால் 2³⁵ − 7 கிடைக்கும், அது ராமானுஜன் பட்டியலில் இல்லை. எனவே 4294967295 முக்கோண எண் இல்லை. வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தாலும் இதே பதில் கிடைக்கும், ஆனால் அதில் ருசி இல்லை.

பிப்ரவரி 9

பல்கோணம் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லையே. இந்த எண்ணின் மிகப் பெரிய பெருமையே அதுதான்.

கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்குப் பல்கோணங்களை வரையலாம்? முக்கோணம், ஐங்கோணம், 15 பக்கம் ஆகியவை யூக்ளிட் காலத்திலேயே தெரியும். பக்கங்களை இரட்டிப்பதும் தெரியும். அதற்கு மேல் இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு அடி நகரவில்லை. 1796-இல், பதினெட்டு வயதில், 17 பக்கம் முடியும் என்று காஸ் கண்டுபிடித்தார். 1801-இல் பொது விதியையும் சொன்னார்: வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களைத் தலா ஒரு முறை எடுத்துப் பெருக்கி, அதை 2-ஆல் எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். மற்றவை முடியவே முடியாது என்ற மறுபாதிக்கு 1837-இல் வான்ட்செல் நிரூபணம் தந்தார்.

ஆக, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையக்கூடிய பல்கோணங்கள், நமக்குத் தெரிந்தவரை, 4294967295-இன் வகுத்திகள் மட்டுமே. வகுத்திகள் 32, அதில் 1-ஐ விட்டால் 31 பல்கோணங்கள். அவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. கணினி கண்டுபிடிப்பதற்கு நூறு வருடங்களுக்கு மேல் முன்பே காஸின் விதிக்குள் உட்கார்ந்திருந்த எண் இது.

வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு: 257 பக்கத்துக்கு ரிஷெலோ 1832-இல் வழி எழுதினார். 65537 பக்கத்துக்கு ஹெர்மஸ் என்பவர் பத்து வருடம் உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் படி இருநூறு பக்கத்துக்கு மேல், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைச் சரிபார்த்தவர் யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 9, இரவு

"அத்தனை பக்கம் போட்டால் வட்டத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி, கணக்குப் போட்டுவிடலாம்.

பூமத்திய ரேகை முழுக்க, 40075 கிலோமீட்டர் சுற்றளவில், இந்தப் பல்கோணத்தைப் பொருத்துவோம். ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 9.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்தப் பக்கத்தின் நடுவில் நேர்கோட்டுக்கும் வட்ட வில்லுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், பக்கத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும், ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் 1.7 பங்குதான் வருகிறது. ஓர் அணுவின் குறுக்களவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பூமி அளவுக்கு வரைந்தாலும் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அந்தப் பல்கோணம் காணாமல் போய்விடும். ஆனாலும் கணக்கில் அது வட்டம் இல்லை.

பிப்ரவரி 12

அந்த 32 வகுத்திகளை ஏறுவரிசையில் எழுதுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, 771, 1285, 3855 என்று போகும். இப்போது முதல் எட்டையும் இருமத்தில்:

1
11
101
1111
10001
110011
1010101
11111111

எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? பாஸ்கல் முக்கோணம் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேல் வரியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டின் கூட்டல்). அதில் ஒற்றைப்படை எண்கள் வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0 போட்டால் வரிக்கு வரி இதுதான். 1 4 6 4 1 என்ற வரி 10001 ஆகிறது, 1 5 10 10 5 1 என்ற வரி 110011 ஆகிறது. முதல் 32 வரிகளை இருமமாகப் படித்தால் நம் எண்ணின் 32 வகுத்திகளும் ஒன்று விடாமல், ஏறுவரிசை கலையாமல் வருகின்றன. முப்பத்திரண்டாவது வரி முழுக்க ஒன்று, அதுதான் 4294967295. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் முக்கோணத்துக்குள் முக்கோணமாகச் சியர்பின்ஸ்கி கோலம் தெரியும்.

முப்பத்து மூன்றாவது வரி 4294967297. பாஸ்கல் முக்கோணம் பாட்டுக்குத் தொடர்ந்து போகிறது, பல்கோணம் நின்றுவிடுகிறது. 641-இன் வேலை.

பிப்ரவரி 13

மேலே ஒருவர் "ஃபெர்மா தன் சொந்தத் தேற்றத்தை வைத்தே 2³² + 1-ஐச் சோதித்திருக்கலாமே" என்கிறார். ஒரு பகா எண்ணால் வகுபடாத எதையும் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் 1 மீதி வரும் என்பது அந்தத் தேற்றம். 2-ஐ உயர்த்திச் சோதித்தால் ஏமாந்திருப்பார். இந்த எண் அந்தச் சோதனையில் பகா எண் மாதிரியே நடந்துகொள்ளும். எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும் அப்படித்தான். 3-ஐ வைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். 1877-இல் பெப்பான் கொடுத்த சோதனையும் 3-ஐத்தான் பயன்படுத்துகிறது.

பிப்ரவரி 15

ஆய்லரின் ஃபை சார்புக்கு வருகிறேன். ஓர் எண் வரையிலான எண்களில், அதோடு 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாதவை எத்தனை என்று எண்ணுவது. நம் எண்ணுக்கு ஒவ்வொரு பகாக் காரணியிலும் 1 குறைத்துப் பெருக்க வேண்டும்:

2 × 4 × 16 × 256 × 65536 = 2147483648

அதாவது 2³¹. எண்ணோடு 1 கூட்டினால் வருவதில் சரிபாதி. அடுத்த எண்ணான 4294967296-க்கும் ஃபை இதேதான், அதற்குப் பொதுக்காரணி இல்லாதவை ஒற்றைப்படை எண்கள் மட்டும், அவை பாதி. அடுத்தடுத்த இரு எண்களுக்கு ஒரே ஃபை! 3-4, 15-16, 255-256, 65535-65536 ஆகியவையும் இப்படியே.

இன்னொன்று, இந்த 2147483648-இல் ஒன்று குறைத்தால் 2147483647. அது பகா எண் என்று 1772-இல் ஆய்லர் காட்டினார். இந்தத் தெருவில் எந்த வீட்டைத் தட்டினாலும் அவரே வருகிறார்.

பிப்ரவரி 16

மேலே இரண்டு தன்மைகளை ஒரே மூச்சில் சொன்னேன்: ஃபையை இரட்டித்தால் அடுத்த எண் வருவது, பக்கத்து எண்ணோடு ஃபை ஒத்துப்போவது. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது நினைத்துவிட வேண்டாம். 83623935 என்று ஓர் எண் இருக்கிறது.

83623935 = 3 × 5 × 17 × 353 × 929
ஃபை: 2 × 4 × 16 × 352 × 928 = 41811968
இரட்டித்தால் 83623936.

முதல் தன்மை கச்சிதமாக இருக்கிறது. 353-உம் 929-உம் ஃபெர்மா பகா எண்கள் இல்லை, ஆனாலும் எப்படியோ பொருந்தி வந்துவிட்டன. பக்கத்து எண்ணைப் பார்ப்போம். 83623936 = 2¹⁸ × 11 × 29, அதன் ஃபை 36700160. ஒத்துப்போகவில்லை. நம் எண்ணுக்கு இரண்டாவது தன்மையும் கிடைத்தது பக்கத்தில் இருப்பது 2-இன் சுத்தமான அடுக்கு என்பதால்தான்.

இந்த மாதிரிக் கேள்விகளைக் கிளப்பியவர் லேமர், 1932-இல். அவருடைய மூலக் கேள்வி எண்ணில் ஒன்று குறைத்தால் ஃபையால் வகுபடும் பகு எண் உண்டா என்பது. இன்னும் விடை இல்லை. ஒன்று கூட்டினால் உண்டு என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

பிப்ரவரி 20

கொஞ்ச நாளாகக் கணினியை ஓரங்கட்டி வைத்திருக்கிறோம், அதற்கும் நியாயம் செய்துவிடலாம். நான் இந்த எண்ணை முதலில் சந்தித்தது புத்தகத்தில் இல்லை. ஒரு நிரலின் பதிவேட்டில் "மீதமுள்ள கோப்புகள்: 4294967295" என்று இருந்தது. காலியான பட்டியலில் இன்னும் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். −1 என்று இருக்க வேண்டிய இடத்தில், குறியில்லாத 32 பிட்டில், எல்லா ஒன்றும் எழுந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 4294967295 என்று பார்த்தவுடன் "எங்கோ ஒன்றை அதிகமாகக் கழித்துவிட்டான்" என்று கை தானாகப் போகும்.

மற்றவை சுருக்கமாக. 255.255.255.255 என்ற முகவரியை ஒரே எண்ணாக எழுதினால் இதுதான். ஃபேட்32 என்ற, வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையில் ஒரு கோப்பின் உச்ச அளவு இத்தனை பைட். மில்லி நொடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 நொடியில் எண்ணி முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95, 98 தொடர்ந்து ஓடினால் 49.7 நாளில் உறைந்துபோனது இதனால்தான். அதுவரை யாராவது அணைக்காமல் ஓடவிட்டார்களா என்பது வேறு விஷயம். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளைக் குறியில்லாமல் எண்ணினால் 2106 பிப்ரவரி 7 வரை தாங்கும்.

65537-க்கும் கணினியில் தனி வாழ்க்கை உண்டு. ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் பொதுத் திறவுகோலின் அடுக்காகப் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள். இருமத்தில் இரண்டே ஒன்றுகள், எனவே 16 முறை வர்க்கமாக்கி ஒரு முறை பெருக்கினால் வேலை முடிந்தது.

பிப்ரவரி 27

கொலாட்ஸ் விளையாட்டில் இதைப் போட்டுப் பார்த்தீர்களா? ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் இதில் ராக்கெட். ஒவ்வொரு சுற்றிலும் (ஒரு பெருக்கல், ஒரு பாதி) ஒரு 2 போய் ஒரு 3 வருகிறது. 7-ஐ எடுத்தால் 11, 17, 26. அதாவது 8 − 1, 12 − 1, 18 − 1, 27 − 1. நம் எண் 32 சுற்று இடைவிடாமல் ஏறி 3³² − 1, அதாவது 1853020188851840-ஐத் தொடுகிறது. 18 கோடி கோடிக்கு மேல், தொடங்கியதைப் போல 4 லட்சத்து 31 ஆயிரம் மடங்கு. அதற்கப்புறம்தான் முதல் தடவையாக அடுத்தடுத்து இரண்டு முறை பாதியாகிறது.

பிப்ரவரி 28

1-ஐ இதனால் வகுத்தால் தசமம் எத்தனை இலக்கத்தில் திரும்ப வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். காரணிகளில் 5 இருப்பதால் முதல் இலக்கம் சுழலில் சேராது. அப்புறம் 65536 இலக்கச் சுழல். காரணம் முழுக்க 65537-இடம் இருக்கிறது: அதற்கு 10 ஒரு மூல எச்சம் (10-இன் அடுக்குகளை அதனால் வகுத்தால் 0 தவிர எல்லா மீதிகளும் வரும்), எனவே சுழல் அதிகபட்ச நீளத்துக்குப் போகிறது. 17-இன் 16 இலக்கச் சுழலும் 257-இன் 256 இலக்கச் சுழலும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

மார்ச் 5

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, "சரி, 32 பிட்டை ஒப்புக்கொள்கிறேன். 64 பிட்டுக்கும் இதே பாட்டைப் பாடுவீர்களா?" என்கிறார்.

பாட மாட்டேன். 18446744073709551615. சதுரங்கப் பலகையில் நெல்மணி இரட்டித்த கதையின் மொத்தம் இது. பலகையின் முதல் பாதி மட்டும் நம் 4294967295. இரண்டாம் பாதி சேர்ந்ததும் காரணிகளில் 641-உம் 6700417-உம் நுழைந்துவிடுகின்றன:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

வர்க்கக் காரணி இன்னும் இல்லை, பாஸ்கல் முக்கோணத்தில் இடம் இருக்கிறது, நான்கு வர்க்க விஷயமும் குடும்பச் சொத்தாக வந்து சேர்கிறது. ஆனால் இத்தனை பக்கங்கள் கொண்ட பல்கோணத்தைக் கவராயத்தால் வரைய முடியாது. ஃபையும் பாதிக்கு வராது. 2³² + 1 பகா எண்ணாக இருந்திருந்தால் கடைசிப் பெருக்குத்தொகை 4294967296 ஆகியிருக்கும். இப்போதோ 640 × 6700416 = 4288266240. குறைவது 6701056, அதாவது 641 + 6700417 − 2.

மார்ச் 5, சற்று கழித்து

ஆறாவது ஃபெர்மா பகா எண் வந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும் முன் சொல்லிவிடுகிறேன். 2³² + 1-ஐ ஐந்தாவது என்று வைத்தால் (எண்ணுவது பூஜ்யத்திலிருந்து) அதிலிருந்து முப்பத்திரண்டாவது வரை எல்லாமே பகு எண் என்று தெரிந்துவிட்டது. பகாவா பகுவா என்று முடிவாகாதவற்றில் மிகச் சிறியது முப்பத்து மூன்றாவது. அதை எழுத 258 கோடி இலக்கங்கள் வேண்டும். அது பகா எண் என்று யாராவது நிறுவினால் பல்கோணப் பட்டியல் 31-இலிருந்து 63 ஆகும். புதிதாக வரும் 32-இல் ஒன்றையாவது வரைய ஹெர்மஸ் மாதிரி ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.